தேயிலைத் தீவும் கரும்புத் தீவுகளும்



தமிழ் வழங்குகின்ற, அல்லது ஒரு காலத்தில் வழங்கிய தீவுகளுக்கெல்லாம் உலகப் படத்தில் ஒவ்வொரு சிவப்புப் புள்ளி வைத்துப் பார்ப்போம். இலங்கைக்கு ஒன்று. இந்து சமுத்திரத்தின் தென்மேற்கிலே மொரிசியசுக்கும் அதன் அண்டைத் தீவான ரீயூனியனுக்கும் ஒவ்வொன்று. பசிபிக் சமுத்திரத்திலே பீஜிக்கு ஒன்று. கரிபியன் கடலிலே மார்த்தினிக், குவாதலூப் என்னும் பிரெஞ்சுத் தீவுகளுக்கு ஒவ்வொன்று. சோழர் படைகள் இந்தப் புள்ளிகளை இணைக்கவில்லை. செட்டிமார் கப்பல்களும் இணைக்கவில்லை. கரும்பும் கோப்பியும் தேயிலையுமே இணைத்தன.

பாரதியார் பீஜியின் கரும்புத் தோட்டத்துப் பெண்களை நினைத்து மனம் கசிந்து பாடினார். புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் கதையாக்கினார். நமது இலக்கியம் இரண்டையும் ஒரே துயரமாகவே கண்டது. அது சரியே. ஆயினும் அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஒரே நிலையில் இல்லை. மொரிசியசில் தமிழ் நாணயத் தாளில் இருக்கிறது. பெரும்பாலோரின் நாவில் இல்லை. நமது மலையகத்தில் தமிழ் நாவிலும் இருக்கிறது, ஏட்டிலும் இருக்கிறது. ஆனால் அதைப் பேசுகிறவர்களில் மிகப் பலருடைய பெயர் இன்னும் ஒரு காணி உறுதியில் ஏறவில்லை. ஒரே கிராமங்களிலிருந்து புறப்பட்டவர்களுக்கு ஏன் இந்த வேறுபாடு? அதைத்தான் இன்று உங்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

கோப்பிக்கு வந்தவர்கள்

பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833 இல் நிறைவேறியது. பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைகள் 1848 இல் விடுதலை பெற்றார்கள். விடுதலை பெற்றவர்கள் கரும்புத் தோட்டத்துக்குத் திரும்ப விரும்பவில்லை. தோட்டக்காரர்களின் கண் இந்தியாவின் பக்கம் திரும்பியது. 1834 முதல் மொரிசியசுக்குக் கப்பல்கள் சென்றன. அடுத்து வந்த ஏறத்தாழ எண்பது ஆண்டுகளில் நாலரை இலட்சம் பேர் அளவில் அங்கே இறங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பீகார்ப் பக்கத்தவர்கள். தமிழரும் தெலுங்கரும் கணிசமான தொகையினர். பிரெஞ்சுத் தீவுகளுக்குப் புதுச்சேரியும் காரைக்காலும் வாசலாயின. மார்த்தினிக்கில் முதற் கப்பல் 1853 இலும், குவாதலூப்பில் 1854 இலும் கரை சேர்ந்தது. பீஜிக்கு 1879 இல் கல்கத்தாவிலிருந்து ஆள் சேர்க்கத் தொடங்கினார்கள். சென்னையிலிருந்து 1903 இல். அங்கே சென்ற 60 ஆயிரம் பேரில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் பெருவிரல் ரேகை பதித்துக் கப்பலேறினார்கள். அந்த ஒப்பந்தத்தின் ஆங்கிலப் பெயர் அவர்கள் வாயில் 'கிர்மிட்' ஆயிற்று.

இலங்கைக்கு வந்த கதை வேறு. இங்கே ஐந்தாண்டு ஒப்பந்தம் இல்லை. நீண்ட கப்பற் பயணமும் இல்லை. இராமநாதபுரத்துக் கரையிலிருந்து தோணியேறி மன்னார்ப் பக்கம் இறங்கி, வன்னிக் காட்டினூடே மாத்தளை வரை நடந்தார்கள். தண்ணீரில்லாத காட்டுப் பாதை அது. வாந்திபேதியும் காய்ச்சலும் வழியெங்கும் மனிதரை விழுத்தின. நமது நாட்டார் பாடல்களில் மன்னாரும் மாத்தளையும் திரும்பத் திரும்ப வருவதற்கு அந்த நடையே காரணம்.

1820களில் கம்பளைக்கு அருகே தொடங்கிய கோப்பிப் பயிர் 1840களில் கண்டிச் சீமையின் மலைகளைப் பெருமளவில் பிடித்தது. கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் மாதங்களில் நிறைய ஆட்கள் வேண்டும். பிறகு கொஞ்சப் பேர் போதும். ஆகவே அந்நாளில் வந்தவர்களில் பலர் பருவம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பினார்கள். அவர்களை அழைத்து வந்தவன் கங்காணி. அவன் அவர்களுடைய ஊர்க்காரன், சில வேளைகளில் உறவுக்காரன், எப்போதும் கடன்காரன். வழிச் செலவுக்கு அவன் கொடுத்த முன்பணம் தோட்டக் கணக்கில் அவர்களுடைய கடனாக ஏறியது.

மலையகத்தில் எழுந்த ஆரம்பகாலத் தமிழ் நூல்களில் ஒன்று ஆபிரகாம் ஜோசப் எழுதிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி'. அது 1869 இல் வெளிவந்தது. காடு வெட்டுவது முதற்கொண்டு கோப்பிச் செய்கையைக் கும்மி மெட்டில் சொல்லும் நூல் அது. அதே 1869 இல்தான் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் நிறப் பூஞ்சணம் முதன்முதலில் காணப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்தது.

தேயிலை கட்டிய லயம்

ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். 1873 இல் இலண்டனுக்குப் போன அவருடைய முதற் சரக்கு வெறும் 23 இறாத்தல். கோப்பி வீழ்ந்ததும் தோட்டக்காரர்கள் எல்லோரும் அந்தச் செடியைப் பற்றிக்கொண்டார்கள். புகையிரதம் 1884 இல் அட்டனுக்கும் 1885 இல் நானுஓயாவுக்கும் வந்து சேர்ந்தது. தேயிலைப் பெட்டி இறங்குவதற்காகப் போட்ட பாதை அது. தலவாக்கலை, அட்டன் போன்ற நகரங்கள் அந்தப் பாதையின் ஓரத்தில் வளர்ந்தவையே.

இங்கே நமது மலைகளின் அமைப்பைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நடு மலைத்தொடர் இரு பருவக் காற்றுகளையும் மாறி மாறித் தடுத்து நிற்கிறது. ஆடி ஆவணியில் மஸ்கெலியாவிலும் டிக்கோயாவிலும் மழை ஓயாது கொட்டும்போது, மலைக்கு அப்பால் ஊவாவில் வரண்ட காற்று வீசும். ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறும் காலம் அது. தை மாசியில் நுவரெலியாப் பக்கமும் திம்புள்ளைப் பக்கமும் குளிர்ந்து வரண்டிருக்கும். அப்போது இப்பக்கத்துத் தேயிலைக்குக் கிராக்கி. ஆண்டு முழுவதும் எங்கோ ஒரு மலையில் கொழுந்து துளிர்த்துக்கொண்டே இருக்கும். ஏழிலிருந்து பத்து நாட்களுக்கு ஒருமுறை எடுக்காவிட்டால் அது முற்றிவிடும். எடுத்த கொழுந்தை அன்றைக்கே ஸ்டோரில் சேர்த்தாக வேண்டும்.

ஆகவே தேயிலைக்கு வந்துபோகிற ஆள் உதவாது. ஆண்டு முழுவதும் இருக்கிற ஆள் வேண்டும். கொழுந்தெடுக்கப் பெண்கள் வேண்டும். பெண்கள் தங்கக் குடும்பம் வேண்டும். குடும்பம் தங்கக் கூரை வேண்டும். லயம் அப்படித்தான் நிலைபெற்றது. பத்தடிக்குப் பத்தடி, பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று அடுத்தடுத்து அமைந்த காம்பிராக்கள் அவை. பிரட்டுக்களம், பிள்ளைக் காம்பிரா, கோயில், கடை, பள்ளிக்கூடம் எல்லாம் தோட்டத்தின் எல்லைக்குள்ளேயே அமைந்தன. தீவுக்குள்ளே ஒரு தீவு உண்டாயிற்று. அதன் எல்லையைத் தாண்ட 'துண்டு' வேண்டும். துண்டு என்பது, இவருக்கு இவ்வளவு கடன், அதைத் தீர்த்தால் விடுவோம் என்று துரை எழுதித் தரும் சீட்டு. கடனை வாங்கிக்கொள்ளும் தோட்டம் ஆளையும் சேர்த்தே வாங்கிக்கொண்டது. 1921 இல் அந்த முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஒப்பந்தக் கூலியல்ல, சுதந்திரத் தொழிலாளி என்று அரசாங்க அறிக்கைகளில் எழுதப்பட்டவருடைய சுதந்திரம் அதுவரை இப்படித்தான் இருந்தது.

மாரியம்மனும் நாகூர் ஆண்டவரும்

கடல் கடந்தவர்கள் தங்களுடன் எதைக் கொண்டுபோனார்கள்? முதலாவதாகத் தெய்வங்களை. மாத்தளை முத்துமாரியம்மன் நாமெல்லோரும் அறிந்த தெய்வம். மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் அவள் 'மாலியெமென்' என்ற பெயரில் இருக்கிறாள். கடற் பயணத்தைக் காத்தவரென்று நாகூர் ஆண்டவரையும் அங்கே நினைக்கிறார்கள். நாகூர் மீரான் என்ற பெயர் தேய்ந்து 'நகுமிலா' ஆகிவிட்டது. ரீயூனியனில் திரௌபதிக்காகத் தீமிதிப்பு நடக்கிறது. பீஜியின் நாந்தி நகரில் சிவசுப்பிரமணியர் கோயில் கோபுரத்துடன் நிற்கிறது. மொரிசியசில் தைப்பூசக் காவடி பொது விடுமுறை நாள்.

நமது தோட்டங்களில் மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கிறது. ரதி மன்மதன் கதையைத் தப்பொலியோடு ஆடி, ஈற்றில் காமனை எரிக்கிறார்கள். அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் என்று வேறு கூத்துகளும் உண்டு. ரீயூனியனிலும் தமிழ்க் கூத்து ஆடப்பட்டு வந்திருக்கிறது. ஆனால் அங்கே பாடுபவர்களில் பலர் பிரெஞ்சு எழுத்தில் எழுதிவைத்த தமிழ்ச் சொற்களைப் பொருள் முழுதும் தெரியாமலே பாடினார்கள். நமது கூத்துக்காரன் ஒவ்வொரு சொல்லும் தெரிந்து பாடுகிறான். மறந்த இடத்தில் தானே இட்டுக்கட்டியும் பாடுகிறான்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் பக்தியின் அளவு அல்ல. தூரம் ஒரு காரணம். மொரிசியசுக்குப் பாய்க்கப்பலில் வாரக்கணக்காகப் போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. நமக்கோ 1914 முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் சேவையும் இருபுறமும் புகையிரதமும் இருந்தன. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஊருக்குப் போய்வந்தார்கள். இன்னொரு காரணம் ஆள் சேர்த்த முறை. கங்காணி தன் ஊராரையே கூட்டமாகக் கொண்டுவந்தான். அதனால் ஒரு லயத்தில் ஒரு கிராமமே குடியிருந்தது. கரும்புத் தீவுகளிலோ போஜ்பூரியும் தமிழும் தெலுங்கும் ஒரே கொட்டகையில் கலந்தன. அங்கே பொதுமொழியாகக் கிரியோலோ இந்தியோ வளர்ந்தது. நம்மை வெளியே விடாமல் அடைத்த அதே தோட்ட எல்லைதான் மொழியையும் வெளியே சிந்தாமல் காத்தது. ஒரு தமிழாசிரியனாக இதைச் சொல்லும்போது எனக்கு மகிழ்ச்சியும் கூச்சமும் ஒன்றாகவே வருகின்றன. அடைப்பினால் பிழைத்த மொழியென்று தெரிந்தபின், அந்த அடைப்பைப் புகழ மனம் வருவதில்லை.

ஒரே ஆண்டில் இரு தீவுகள்

இனி அரசியலுக்கு வருவோம். கரும்பு சமவெளிப் பயிர். மொரிசியசில் சர்க்கரை விலை இறங்கிய 1880களிலிருந்து முதலாளிகள் தங்கள் தோட்டங்களின் ஓரக் காணிகளைத் துண்டு துண்டாக விற்றார்கள். ஒப்பந்தம் முடிந்த இந்தியர் சேமித்த காசைக் கொடுத்து அவற்றை வாங்கினார்கள். கரும்பை விளைவித்து ஆலைக்குக் கொடுத்தார்கள். கூலியாக வந்தவனின் மகன் சிறு விவசாயியானான்.

அங்கே வாக்குரிமை அதுவரை சொத்துள்ள சிலருக்கே இருந்தது. புதிய அரசியலமைப்பு, தீவில் வழங்கும் மொழிகளில் ஏதாவதொன்றில் எளிய வாக்கியங்களை எழுதப் படிக்கத் தெரிந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்கு என்றது. அந்த மொழிகளில் தமிழும் ஒன்று. வாசுதேவ் விஷ்ணுதயாளரின் இயக்கத் தொண்டர்கள் கிராமந்தோறும் இரவுப் பள்ளிகளில் கிழவர்களுக்கும் கிழவிகளுக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். 12 ஆயிரமளவில் இருந்த வாக்காளர் தொகை 70 ஆயிரத்தைத் தாண்டியது. 1948 ஆகஸ்டில் நடந்த தேர்தலில் தெரிவான 19 பேரில் பெரும்பான்மையினர் இந்திய வம்சாவளியினர். இருபது ஆண்டுகள் கழித்து 1968 இல் மொரிசியஸ் சுதந்திரம் பெற்றபோது, ஒரு தோட்டத் தொழிலாளியின் மகனான சிவசாகர் ராம்கூலம் பிரதமரானார்.

அதே 1948 இல் இங்கே என்ன நடந்தது?

1931 இல் டொனமூர் ஏற்பாட்டின்படி சர்வசன வாக்குரிமை வந்தது. தோட்டத் தொழிலாளருக்கு அது பல நிபந்தனைகளுடனே கிடைத்தது. ஆயினும் அதைக்கொண்டு அவர்கள் எழுந்தார்கள். கோ. நடேசய்யர் அட்டனை மையமாக வைத்து 1931 இல் தொழிற்சங்கம் தொடங்கினார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் மேடைகளில் பாடி ஆட்களைத் திரட்டினார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் குண்டுக்குப் பலியானார். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை தலவாக்கலைக்கு உறுப்பினரானார்.

மறு ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. இங்கே பிறந்தால் மட்டும் போதாது, தந்தையும் இங்கே பிறந்தவரென்று காட்ட வேண்டும் என்றது சட்டம். கங்காணியின் பேரேட்டில் கடனும் செக்றோலில் பெயரும் இருந்தவருக்குத் தந்தையின் பிறப்புச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? 1949 இல் வேறொரு சட்டம் வாக்காளர் இடாப்பிலிருந்தும் பெயர்களை நீக்கியது. 1946 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஏழு இலட்சத்து எண்பதாயிரமாக இருந்த ஒரு சமூகத்தின் பெரும்பகுதி நாடற்றதாயிற்று. மொரிசியசில் தமிழில் இரண்டு வரி எழுதத் தெரிந்த கிழவிக்கு வாக்குக் கிடைத்த ஆண்டில், மலையகத்தில் தமிழில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர் பிரசாவுரிமையை இழந்தார்.

இதிலே கண்டிக் கிராமத்துச் சிங்கள விவசாயியின் நியாயத்தையும் சொல்லாமல் விடலாகாது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனைக் காணியையும் முடிக்குரியவை ஆக்கியது. கிராமத்தவர் சேனை செய்த, மாடு மேய்த்த மேட்டு நிலங்கள் தோட்டங்களாயின. காணியை இழந்தவன் கீழே வயலோரத்தில் நின்றான். அதில் உழைக்க வந்து காணியே பெறாதவன் மேலே லயத்தில் நின்றான். இருவருக்கும் காணி இல்லை என்ற உண்மை மறைந்து, ஒருவனால்தான் மற்றவன் கெட்டான் என்ற எண்ணம் வளர்ந்தது. எடுத்தவர்களோ இலண்டனில் பங்கிலாபத்தை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

1964 அக்டோபர் 30 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரை இரு அரசாங்கங்கள் பங்கிட்டன. ஐந்தே கால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு. மிகுதி ஒன்றரை இலட்சத்தை 1974 இல் பாதிபாதியாகப் பிரித்தார்கள். மலைநாட்டுப் புகையிரத நிலையங்களில் உறவினர் கட்டிப்பிடித்து அழுததை எங்கள் வயதினர் சிறுபிள்ளைகளாகப் பார்த்திருக்கிறோம். போனவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியிலும் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்திலேயே வேலைக்குச் சேர்ந்தார்கள். இங்கே இந்தியத் தமிழரென்று எழுதப்பட்டவர்களை அங்கே சிலோன்காரர் என்றார்கள்.

காணி உறுதி

பீஜியின் கதையை முடித்துவிட்டு நமது இன்றைய நிலைக்கு வருகிறேன். பீஜி இந்தியருக்கு 1929 முதலே வாக்கு ஓரளவு இருந்தது. சாது குப்புசாமி 1926 இல் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் பள்ளிக்கூடங்களும் கோயில்களும் கட்டியது. ஆனால் அந்தத் தீவில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேற்பட்ட நிலம் பூர்வீகக் குடிகளுக்குரியது. அதை விற்க முடியாது. அது அந்த மக்களின் நியாயமான பாதுகாப்பு. இந்தியர் குத்தகைக்கே கரும்பு செய்தார்கள். 1987 இல் இராணுவப் புரட்சி வந்தது. 1997 முதல் குத்தகைகள் முடியத் தொடங்கியபோது, மூன்று தலைமுறை உழுத நிலத்தை விட்டு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளியேறின. காலின் கீழ் நிலம் இல்லாதபோது வாக்கு எவ்வளவு தூரம் காக்கும் என்பதற்குப் பீஜி ஒரு பாடம்.

மொரிசியசிலோ நிலமும் வாக்கும் கிடைத்தன. மொழி வீட்டை விட்டுப் போய்விட்டது. 1998 இல் புதிய நாணயத் தாள்களில் தமிழின் வரிசை இந்திக்குப் பின்னே மாற்றப்பட்டபோது தமிழர் கிளர்ந்தார்கள்; அரசு அந்தத் தாள்களை மீளப்பெற்றது. அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் கிரியோல் பேசுகிறவர்கள். பேச்சில் இழந்ததை எழுத்திலாவது காக்கவேண்டுமென்ற தவிப்பை நாம் மதிக்க வேண்டும்.

நமக்கு மொழி எஞ்சியது. வாக்கும் சிறுகச் சிறுகத் திரும்பியது. 1977 இல் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா - மஸ்கெலியாவிலிருந்து பாராளுமன்றம் சென்றார். 1988 ஆம், 2003 ஆம் ஆண்டுச் சட்டங்கள் நாடற்ற நிலையை ஏறத்தாழ முற்றாக நீக்கின. தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் அரசுடைமையாகி, 1992 முதல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. இத்தனை கை மாறியும் லயத்தில் குடியிருப்பவர் எந்தக் கையிலிருந்தும் காணி பெறவில்லை. அண்மைக் காலத்தில் வீடுகளுக்கு ஏழு பேர்ச் காணி என்று வழங்கத் தொடங்கினார்கள். இந்திய உதவியிலும் வீடுகள் எழுகின்றன. பெற்றவர்கள் இன்னும் சிறு பகுதியினரே.

தேயிலை பெருந்தோட்டப் பயிர், அதைச் சிறு துண்டுகளாக்கினால் அழிந்துவிடும் என்று சொல்வார்கள். கோப்பிக் காலத்திலும் தேயிலையின் தொடக்க காலத்திலும் இது உண்மையாக இருந்திருக்கலாம். இன்று இலங்கையின் தேயிலையில் ஏறத்தாழ எழுபது வீதத்தைக் காலி, மாத்தறை, இரத்தினபுரி போன்ற மாவட்டங்களின் சிறு தோட்ட உடைமையாளர்கள் தருகிறார்கள். அரை ஏக்கரும் ஓர் ஏக்கரும் வைத்திருப்பவர்கள் கொழுந்தை ஆலைக்கு அனுப்புகிறார்கள், மொரிசியசின் சிறு விவசாயி கரும்பை அனுப்பியதைப் போலவே. ஆகவே பயிர் தடையில்லை. தெற்கிலே கூடிய காரியம் மலையகத்தில் கூடாது என்பது மனிதர் எடுத்த முடிவு, மனிதரே மாற்றலாம்.

முகவரி என்ற சிறு விடயத்தைப் பாருங்கள். விண்ணப்பப் படிவம் நிரப்பும்போது என் மாணவர் சிலர் தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். வீட்டுக்கு இலக்கமில்லை, வீதிக்குப் பெயரில்லை. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலாவது லயத்துக்குப் போகிறது. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு பரீட்சை முடிந்த பிறகு கிடைத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். உறுதியுள்ள காணிக்கு இலக்கம் வரும். இலக்கம் வந்தால் தபாற்காரர் வருவார். பிரதேச சபையின் பாதையும் தண்ணீரும் பின்னால் வரும்.

2023 இல், மலையகத் தமிழரின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். முன்னோர் நடந்த அதே திசையில் நடந்தார்கள். இம்முறை வழியிலே வடக்குத் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வரவேற்றுத் தண்ணீர் கொடுத்தார்கள். மொரிசியஸ் தன் கூலிகள் இறங்கிய போட் லூயிஸ் துறைமுகப் படிக்கட்டை 2006 இல் உலக மரபுரிமைச் சின்னமாக்கிவிட்டது. அங்கே வந்தவர்களின் பெயர்ப் பதிவேடுகளைப் பேணி வைத்திருக்கிறார்கள்; பேரப்பிள்ளை போய்ப் பாட்டனின் பெயரையும் ஊரையும் கண்டெடுக்கலாம். நம்மிடம் என்ன இருக்கிறது? தகரப் பெட்டியின் அடியில் பழைய செக்றோல் துண்டு, பிரசாவுரிமை மனு மறுக்கப்பட்ட கடிதம், தலைமன்னார்ப் பயணச் சீட்டு என்று பல வீடுகளில் கிடக்கின்றன. கூரை ஒழுகினால் அவை ஒரு மழையில் கரைந்துவிடும். அவற்றைப் பிரதியெடுத்து ஒரு நூலகத்தில் சேருங்கள் என்று இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறேன். காணி கேட்கும்போது இங்கே எத்தனை தலைமுறை வாழ்ந்தோம் என்று காட்ட அவை வேண்டும். 1948 இல் நம்மிடம் கடதாசி இல்லை என்றுதான் நம்மை வெளியே நிறுத்தினார்கள்.